முனி லாரியின் டிரைவர் சீட்டு

ஒரகடம் ரோட்டில் என்னோடு வளர்ந்தவர்கள் ஒன்று சேர்ந்தால் இப்போதெல்லாம் ஒரே பாட்டுதான். ஏரி இருந்தது, நெல் இருந்தது, காற்று இருந்தது, எல்லாம் போச்சு. எனக்கு எரிச்சலாக வருகிறது. அந்த ஏரியில் குளித்து நமக்கெல்லாம் சொறி வந்தது யாருக்கும் ஞாபகம் இல்லையா? நாற்பதை நெருங்கிவிட்டோம், முட்டி வலிக்கிறது, உடனே சின்ன வயசு முழுக்கத் தேன் என்று ஆரம்பித்துவிட வேண்டியது. நான் சொல்லப் போவது தேன் இல்லை. எனக்கே இன்னும் விளங்காத ஒரு விஷயம். உங்களில் பாதிப் பேர் அன்று அங்கே நின்று வேடிக்கை பார்த்தீர்கள். லாரியை நகர்த்தி நிலத்தைத் தொலைத்தவள் என்று எனக்குப் பெயர் வைத்ததும் நீங்கள்தான். அதனால் ஒழுங்காகக் கேளுங்கள்.

வல்லக்கோட்டையைத் தாண்டி வல்லம் வடகால் போகிற வழியில், ஏரிக்கரைக்குக் கீழே என் அத்தையின் வீடு இருந்தது. அப்பாவின் அக்கா. கல்யாணமாகி வந்த கொஞ்ச நாளிலேயே புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளை இல்லை. வீட்டுக்கும் கரைக்கும் நடுவில், செங்கல் மேடையின் மேல், வேப்பமரத்தடியில் முனி லாரி நின்றது. மற்ற ஊர்களில் முனீஸ்வரனுக்கு மண் குதிரை நிற்கும். நம் ஊரில் பட்டாளத்து லாரி. புருஷன் குடும்பத்தில் வழிவழியாக அதற்கு விளக்கு ஏற்றுவார்கள். குடும்பத்தில் ஆள் தீர்ந்துபோனதும் அந்த வேலை அத்தையின் தலையில் விழுந்தது. அவளிடம் யாரும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பது இப்போதுதான் எனக்குத் தோன்றுகிறது. அப்போது விளக்கும் அத்தையும் லாரியும் எனக்கு ஒரே பொருள்.

லாரியின் முகம் தட்டை. மூக்கை வெட்டிவிட்ட மாதிரி இருக்கும். முன் கண்ணாடி எல்லா வண்டியிலும் பின்பக்கம் சாய்ந்திருக்கும். இதில் தலைகீழ். மேல் விளிம்பு முன்னால் துருத்திக்கொண்டு, கண்ணாடி கீழே குனிந்து நிற்கும். முனி குனிந்து நம்மைப் பார்க்கிறார் என்றார்கள் பெரியவர்கள். அதனால் நாம் அதன் எதிரில் பொய் சொல்ல மாட்டோம். கொஞ்சம் தள்ளிப் போய்ச் சொல்வோம்.

வெள்ளிக்கிழமை தவறாமல் ஊரே அதன் மேல் எண்ணெய் ஊற்றியது. எண்ணெயும் மஞ்சளும் குங்குமமும் விளக்குப் புகையும் சேர்ந்து தகரத்தின் மேல் எருமைத் தோல் மாதிரி தடித்துக் கிடந்தது. கிட்டே போனால் கற்பூரமும் சிக்குப் பிடித்த நல்லெண்ணெயும் வௌவால் புழுக்கையும் கலந்து ஒரு வாசனை வரும்.  டிரைவர் சீட்டில் சிவப்புத் துணி விரித்து ஓர் அரிவாள் வைத்திருக்கும். அது முனியின் சீட்டு. யாரும் உட்காரக் கூடாது.

லாரி எப்படி வந்தது என்பதற்கு மூன்று கதைகள். பட்டாளம் போகும்போது வெள்ளைக்கார டிரைவர் ஒருவன் காய்ச்சல் கண்டு அந்தச் சீட்டிலேயே செத்தான், அதற்குப் பிறகு உட்கார்ந்தவனுக்கெல்லாம் காய்ச்சல் என்பது அத்தையின் கதை. சண்டை முடிந்து ஏலத்தில் விட்ட வண்டியைக் கல்குவாரிக்காரன் ஒருவன் வாங்கி, சேற்றில் மாட்டிக்கொண்டு விட்டுவிட்டுப் போனான் என்பது அப்பாவின் கதை. மூன்றாவது கதையைச் சொன்னவர் எங்கள் வீட்டுப் பின்கட்டில் வாடகைக்கு இருந்த திருநெல்வேலி அண்ணன். புதிதாக வந்த கார் கம்பெனியில் வேலை. ஷிப்டு முடிந்து வந்தால் கூடத் தங்கியிருந்த மற்ற பையன்கள் தூங்குவார்கள், இவர் உலகப் போர் புத்தகம் படிப்பார். எந்த நாட்டு டாங்குக்கு எத்தனை சக்கரம் என்று சோறு தின்னும்போது கூடச் சொல்வார். ஜப்பான்காரன் வருவான் என்று பயந்து இந்தப் பக்கமெல்லாம் பட்டாளம் கூடாரம் போட்டிருந்தது, கூடாரத்தைக் கலைத்தபோது ஓடாத வண்டியை இழுக்க ஆளில்லாமல் போட்டுவிட்டார்கள் என்றார் அவர். மூன்றில் எது உண்மை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மூன்று பேரும் நேரில் பார்த்தது போலவே பேசினார்கள்.

அண்ணன் முதல்முதலில் லாரியைப் பார்த்த அன்று அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். அத்தைக்கு மனசு குளிர்ந்துவிட்டது. "தென்னாட்டுப் புள்ளைக்கு இன்னா பக்தி பார்டி" என்றாள். அவர் வீல் நட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏ பிள்ள, இந்தக் கண்ணாடி ஏன் குனிஞ்சிருக்கு தெரியுமாட்டி?" என்று என்னைக் கேட்டார்.

"முனி பாக்குறாரு."

"முனியுமில்ல சனியுமில்ல. மேல ஏரோப்ளேன்ல எதிரி வருவாம்லா? அவன் கண்ணுல கண்ணாடி மினுங்கப்பிடாதுன்னு இப்படி வச்சிருக்கான். இது கனடாவுல செஞ்ச வண்டி பிள்ள. கப்பல்ல வந்திருக்கு."

"ஜப்பான்காரன் நமக்கு இன்னா பண்ணான்?"

"ஒண்ணும் பண்ணல. வெள்ளக்காரனுக்கும் அவனுக்கும் சண்டை."

"அப்ப வண்டி ஏன் நம்ம ஊர்ல கீது?"

அவர் மறுபடி வீல் நட்டைப் பார்க்கக் குனிந்துவிட்டார். புத்தகத்தில் அதற்கு விடை இல்லை போலிருக்கிறது.

அது கார்கில் சண்டை நடந்த வருஷம். டீக்கடை டி.வி. முன்னால் எப்போதும் கூட்டம். பனி மலையில் பச்சை லாரிகள் வரிசையாகப் போவதைக் காட்டுவார்கள். எனக்கு எல்லாம் குழம்பியது. அது எந்தச் சண்டை, இது எந்தச் சண்டை, இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு காலம், ஒன்றும் புரியவில்லை. நம் லாரியையும் மலைக்கு அனுப்பப் போகிறார்கள் என்று நான் நம்பினேன்.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனிகளுக்கு நிலம் எடுக்க அளக்க வந்தார்கள். கரைக்குக் கீழே மொத்தமும் போகிறது என்றார்கள். அளக்க வந்த ஆபீசர் லாரியைப் பார்த்துவிட்டு நின்றார்.

"இது என்னம்மா?"

"முனீஸ்வரங்க" என்றாள் அத்தை.

"கோயில்னா தொட மாட்டோம். சுத்தி உன் வீட்டோட சேர்த்து இடமும் விட்டுடுவோம். ஆனா இது கோயிலா, காயலாங்கடை இரும்பான்னு பார்த்துத்தானே நான் எழுதணும்? ஆடி மாசம் திரும்பி வருவேன். அதுக்குள்ள கொஞ்சம் கோயில் மாதிரி வைங்க."

அவ்வளவுதான் விஷயம். லாரி கோயிலானால் அத்தை வீடு நிற்கும். இரும்பானால் வீடு போகும்.

மேடைக்குச் சுண்ணாம்பு அடித்து, நாலு மணி கட்டிவிட்டால் போதும் என்றது ஊர். அது போதாது என்றார் அண்ணன். "ஓடுற நிலைமையில இருக்கிற உலகப் போர் வண்டி இந்தியாவுலயே விரல்விட்டு எண்ணலாம் அண்ணாச்சி. இத ஸ்டார்ட் பண்ணிக் காட்டுனா, எந்தக் கவர்மெண்டு தொடும்? சரித்திரம்லா!" அப்பா ஒரகடம் கூட்ரோட்டில் லாரி மெக்கானிக். அவருக்குச் சரித்திரமும் இல்லை, பூகோளமும் இல்லை. சின்ன வயசிலிருந்து அந்த இன்ஜினைத் திறந்து பார்க்க வேண்டும் என்று கை நமநமத்துக்கொண்டிருந்த மனிதர். அக்கா விடமாட்டாள் என்று அடக்கிக்கொண்டிருந்தார். பயந்துகொண்டே போய்க் கேட்டார்.

அத்தை யோசிக்கவே இல்லை. "ஓட வைங்கடா" என்றாள்.

அப்பாவுக்கு நம்ப முடியவில்லை. "ஸ்பேனர எட்துகினு கிட்ட போனாவே அருவாள தூக்குவா. இன்னிக்கு இன்னாமோ தானா சொல்றா" என்று அம்மாவிடம் வந்து சொன்னார். யாரும் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

ஆனால் அத்தை சட்டம் போட்டாள். செருப்போடு ஏறக் கூடாது. பீடி கூடாது. வேலை செய்கிற நாளில் கறி மீன் கூடாது. கழற்றுகிற ஒவ்வொரு சாமானையும் வாழை இலையில் வைக்க வேண்டும், வைப்பதற்கு முன்னால் முனியிடம் சொல்ல வேண்டும். அப்பா கத்தினார். "இன்னாக்கா, நட்டு போல்ட்டுக்கெல்லாம் பர்மிஷனா?" ஆனால் சொன்னார். "முனீஸ்வரா, கார்புரேட்டர கழட்றோம்பா. கழுவி மாட்டிட்றோம். கோச்சிக்காத." அண்ணன் சிரிப்பை அடக்க முகத்தைப் பானட்டுக்குள் விட்டுக்கொள்வார்.

கார்புரேட்டருக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. சைலன்சரில் எலிக்குஞ்சு. பிளக்கைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டைகளில் டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து ஊற்றி ஊறப் போட்டார்கள். இன்ஜினைக் கையால் சுற்ற முன்பக்கம் ஹேண்டிலைச் செருகி அப்பா தொங்குவார். அசையாது. மறுநாள் மறுபடி ஊற்றுவார். மறுபடி தொங்குவார். ஒரு சாயங்காலம் உள்ளே எங்கோ டக்கென்று ஒரு சத்தம். ஹேண்டில் ஒரு விரற்கடை இறங்கியது. அப்பா அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதார். என் அப்பா அழுது நான் பார்த்தது அப்போதுதான். இன்ஜினுக்காக அழுதார். நான் பிறந்தபோது அழுதாரா தெரியவில்லை.

ஓரிடத்தில் அந்த எண்ணெய்த் தோலைச் சுரண்டியபோது அடியில் பச்சைப் பெயின்ட் புதிதாக இருந்தது. ஐம்பது வருஷம் ஊர் ஊற்றிய எண்ணெய் துருவை அண்டவிடவில்லை. அண்ணன் ஓடிப்போய் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "மியூசியத்துல கூட இவ்வளவு நல்லா பாத்துக்கிட மாட்டான் பெரியம்மா" என்றார். அத்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஊத்துனவளுக்கு இல்ல தெரியும்" என்றாள்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். கியர் பாக்ஸ் முதல் கியரில் இறுகிக் கிடந்தது. எதைச் செய்தும் நியூட்ரலுக்கு வரவில்லை. கியரில் இருக்கிற வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டுமானால் யாராவது உள்ளே உட்கார்ந்து கிளட்சை அழுத்திப் பிடிக்க வேண்டும். கிளட்சை எப்படியோ விடுவித்துவிட்டார்கள், அது வேலை செய்தது. ஆனால் உட்காருவது யார்? முனியின் சீட்டு. அப்பா கெஞ்சினார். அத்தை அசையவில்லை.

"ஆம்பள ஒக்காரக் கூடாது. கல்யாணம் ஆனவ ஒக்காரக் கூடாது. வயசுக்கு வராத பொண்ணு ஒக்காரலாம். அதுக்கு தோஷமில்ல" என்றாள்.

அந்தச் சட்டம் அதற்கு முன்னால் இருந்ததா, அந்த நிமிஷம் அவளே செய்ததா, யாருக்குத் தெரியும். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அத்தை அரிவாளைப் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள். நான் சிவப்புத் துணி மேல் உட்கார்ந்தேன். கால் எட்டவில்லை. முதுகுக்குப் பின்னால் நெல் மூட்டைச் சாக்கை மடித்து வைத்தார்கள். சீட்டின் கம்பிச் சுருள் தொடையில் குத்தியது. காய்ச்சல் வரப்போகிறது என்று ஒவ்வொரு நாளும் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். வரவில்லை. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்கி, உடம்பு முழுவதையும் இடது காலில் இறக்கினால்தான் கிளட்ச் கீழே போகும். "அமுத்து... வுடாத... வுடாத..." என்று அப்பா முன்னாலிருந்து கத்துவார். பிரேக் இன்னும் சரியாகவில்லை. அதனால் சக்கரங்களுக்கு முன்னால் பெரிய கருங்கற்களை முட்டுக் கொடுத்திருந்தார்கள்.

இன்ஜின் முதலில் இருமியது. பிறகு ஒருநாள் பிடித்துக்கொண்டது. கறுப்புப் புகையோடு காய்ந்த வேப்பிலையும் எலிக்கூடும் பின்னால் பறந்தன. ஏரியில் இருந்த கொக்கெல்லாம் எழும்பிவிட்டன. பழைய பைக்கின் ஆறு வோல்ட் பேட்டரி, எண்ணெய் கேனில் பெட்ரோல், ரீட்ரெட் கடையில் பொறுக்கிய ஜீப் டயர். பழைய சாமான் விற்கிற புதுப்பேட்டையில் அப்பா தேடித் தேடி வாங்கிய, பிளக்குக்குப் பொறி கொடுக்கிற பாயின்ட். எல்லாம் சேர்ந்து குதிரை மாதிரி துடித்தது. சீட்டின் வழியாக அந்தத் துடிப்பு என் பல்லுக்கு வந்தது.

ஆடி மாசம் ஆபீசர் வந்தார். நீங்களும் வந்தீர்கள். பம்பை அடித்தார்கள். மேடை வெள்ளை வெளேரென்று இருந்தது. லாரிக்கு மாலை. அத்தை விடியற்காலையிலேயே மேடையைக் கழுவிக் கோலம் போட்டிருந்தாள். ஆபீசருக்கு இன்ஜினைப் போட்டுக் காட்டுவது, உடனே அணைத்துவிடுவது. அவ்வளவுதான் ஏற்பாடு.

நான் ஏறிக் கிளட்சை மிதித்தேன். அப்பா ஹேண்டில் போட்டார். ஒரே சுற்றில் பிடித்தது. அப்பா ஹேண்டிலை உருவிக்கொண்டு, வியர்வையைத் துடைத்தபடி, கல்யாண வீட்டுக்காரர் மாதிரி ஆபீசரை வரவேற்கப் போனார். அப்போது அத்தை என் பக்கத்துப் படியில் ஏறினாள். கையில் விபூதித் தட்டு. ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் நெற்றியில் விபூதி வைத்தாள்.

விபூதி வைக்கும்போது நாம் என்ன செய்வோம்? கண்ணை மூடி முகத்தை நிமிர்த்துவோம். முதுகு பின்னால் சாயும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். என் இடது கால் என்ன செய்தது என்று எனக்குத் தெரியாது. கண்ணைத் திறந்தபோது வேப்பமரம் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

லாரி மேடையிலிருந்து இறங்கியது. விளக்குமாடத்தை இடித்துத் தள்ளியது. பெண்கள் குலவை போட்டார்கள். பாதிப் பேர் தரையில் விழுந்து கும்பிட்டீர்கள். ஆபீசர் பைலை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினார். நான் "அம்மா" என்று கத்தினேன். அண்ணன் மறுபக்கப் படியில் தாவி ஏறி, சீட்டில் உட்காராமல் கையை மட்டும் உள்ளே விட்டு இன்ஜின் ஒயரைப் பிடுங்கினார். வண்டி குலுங்கி நின்றது.

அத்தை பயந்து அலறினாள் என்றுதான் எல்லோரும் சொல்கிறீர்கள். படியில் தொற்றிக்கொண்டு என் முகத்துக்கு நேராக இருந்தாள். நான் பார்த்தேன். அவள் அலறவில்லை. சிரித்தாள்.

ஆபீசர் வந்து டயரை உதைத்துப் பார்த்தார். "நல்லாத்தானே ஓடுது? ஓடற வண்டிக்கு எதுக்குய்யா இடம்? ஓட்டிக்கிட்டுப் போய் வேற எங்கயாவது வச்சுக் கும்பிடுங்க" என்றார். அப்படியே எழுதியும் விட்டார். கோயில் இல்லை, வண்டி. அப்பாவின் முகம் செத்துப்போனது. நேராக வந்து என்னை அறைந்தார்.

"கால வுடாதன்னு சொன்னேனா இல்லியா? அத்த வூட்ட தொலச்சிட்டியேடி!"

"பிள்ளைய அடிக்காதிய அண்ணாச்சி!" என்று அண்ணன் நடுவில் வந்தார். "முட்டுக் கல்லு எங்க? கல்லு இருந்தா வண்டி நகந்திருக்குமா? கல்ல எடுத்தது யாரு?"

 அத்தை மெதுவாக, "பாக்க அசிங்கமா இருந்திச்சி, நான்தான் எட்தேன்" என்றாள். கோலம் போட எடுத்தாள் என்று விட்டுவிட்டார்கள். அவளைத் திட்ட யாருக்கு மனசு வரும்? வீட்டை இழந்தவள் அவள்தானே. திட்டெல்லாம் என் காலுக்கு வந்தது. பள்ளிக்கூடத்தில் 'கிளட்ச்' என்று கூப்பிட்டீர்கள். மறந்துவிட்டீர்களா? நான் மறக்கவில்லை.

போன வருஷம் நான் சொந்தமாக ஒரு வேன் எடுத்தேன், கம்பெனிக்கு ஆள் ஏற்ற. வல்லக்கோட்டை முருகன் கோயிலில் பூஜை போட்டேன். குருக்கள் நாலு சக்கரத்துக்கு முன்னாலும் எலுமிச்சம்பழம் வைத்தார். "ஏத்தி நசுக்குங்கம்மா, அப்பதான் பூஜை முடியும்" என்றார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பின்னால் நின்ற வண்டிக்காரன் ஹாரன் அடித்தான்.

அன்றைக்கு அண்ணன் ஒயரைப் பிடுங்கியதும் நான் இறங்கி மேடையைத் திரும்பிப் பார்த்தேன். வெள்ளைச் சுண்ணாம்பில், சக்கரங்கள் நின்ற இடங்களில், மஞ்சளாக நசுங்கிக் கிடந்தது. எலுமிச்சை. கல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எலுமிச்சம்பழம் வைத்திருக்கிறாள். நிற்க வேண்டிய சாமிக்கு யாராவது சக்கரத்தடியில் பழம் வைப்பார்களா? நகரப்போகிற வண்டிக்குத்தானே வைப்பார்கள்? அந்தக் கறை அத்தனை வருஷமும் என் கண்ணிலேயே இருந்திருக்கிறது. நான்தான் பார்க்கவில்லை.

இல்லை, எல்லா வண்டிக்கும் வைக்கிறார்களே என்று பழக்கத்தில் வைத்தாளா? அதுவும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. கேட்கலாம் என்றால் அத்தை இல்லை. அவள் வீட்டைக் காப்பாற்றுகிறோம் என்று ஊரே ஓடியதே, உனக்கு இந்த வீடு வேண்டுமா என்று ஒரு நாதியாவது அவளைக் கேட்டதா? நிலம் போன பிறகு அவள் எங்களோடு வந்து இருந்தாள். கம்பெனி கேன்டீனில் காய் நறுக்கப் போனாள். தலையில் வலைத் தொப்பி போட்டுக்கொண்டு, பஸ்ஸுக்கு ஓடுவாள். உடம்பு தேறிவிட்டது. அப்பாவின் ஷெட்டுக்குப் பின்னால் நின்ற லாரிப் பக்கம் அவள் ஒருநாளும் போகவில்லை. பிறகு மெட்ராஸிலிருந்து பழைய வண்டி சேர்க்கிறவர் ஒருவர் வந்து அதை ஏற்றிக்கொண்டு போனார். எண்ணெய்த் தோலையெல்லாம் உரித்திருப்பார்.

வீட்டைக் காலி செய்த நாளைச் சொல்லி முடிக்கிறேன். மழைக்காலம் முடிந்திருந்தது. கரைமேல் புல்டோசர் நின்றது. லாரியை எடுக்க அப்பா வந்தார். பிரேக்கைச் சரிசெய்தாகிவிட்டது, ஆனால் இன்னும் அதே முதல் கியர். அதற்குள் நான் வயசுக்கு வந்துவிட்டேன். ஏறக் கூடாது. அப்பா கதவுக்கு வெளியே கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"யக்கா, முனி சீட்டாச்சே. ஓட்றதுக்கு யார ஏத்தறது?"

அத்தை கதவைத் திறந்தாள். அரிவாளை எடுத்துத் துணிமூட்டையில் செருகினாள். சிவப்புத் துணியை எடுத்து உதறி, நாலாக மடித்தாள். தூசு பறந்தது.

"ஒக்கார்றா" என்றாள். "வெறும் சீட்டுதான அது."

அப்பா சூடான கல்லில் உட்காருவது போல விளிம்பில் உட்கார்ந்தார். அத்தை மறுபக்கம் ஏறி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டாள். வண்டி நடை வேகத்தில்தான் போனது, அதனால் நான் பக்கத்திலேயே நடந்தேன். அவள் வீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. ரோடு வந்ததும் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, கட்டைவிரலால் என் நெற்றியைத் துடைத்தாள். அன்று விபூதி வைத்திருந்த இடம். நான் கண்ணை மூடவில்லை.